அச்சுறுத்தலுக்கு ஆதாரம் இணைக்கவும்

அத்தியாயம் 1

பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்ற பெண்ணை வாசல் காவலுக்கு இருக்கும் வாசலம்மா உள்ளே விடவில்லை.

“டாக்டர் ஊர்ல இல்லம்மா. அடுத்த மாசம் வாங்க.”

“அடுத்த மாசமா? அதுவரைக்கும் என் பல்லு ஊர்ல இருக்கணுமே!”

மாடி ஜன்னலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று மத்தியானத்திலிருந்து அவருக்குப் பசி வரவில்லை, தூக்கம் வரவில்லை, அழுகைகூட வரவில்லை. கீழே அந்தப் பெண்ணுக்குப் பின்னால் ஒரு டாக்ஸியும், அதிலிருந்து குனிந்து இறங்கும் ஒல்லியான நரைத்த மனிதரும் தெரிந்தார்கள்.

“அவங்களை விடுங்கம்மா! நான்தான் வரச் சொன்னேன்!” என்று கத்திவிட்டுப் படியில் தடதடவென்று இறங்கினார்.

வாசலில் தொங்கிய பலகையில் ‘பல் மருத்துவமனை’ என்றுதான் இருந்தது. ஒரு காலத்தில் அது நிஜமாகவே பல் மருத்துவமனை. டாக்டர் கட்டடத்தைத் தானமாகக் கொடுத்துவிட்டுப் போன பிறகும் பெரியக்கா பலகையைக் கழற்றவில்லை. அடி உதை தாங்காமல் வீட்டைவிட்டு ஓடி வந்த பெண்களும் அவர்களுடைய குழந்தைகளும் ஒன்பது வருடமாக அதற்குள் தங்கியிருந்தார்கள். வெளியுலகத்துக்கு அந்தத் தொண்டு நிறுவனம் என்பது ஒரு தபால் பெட்டி எண், அவ்வளவுதான். தெருக்காரர்கள் இன்னும் அந்த டாக்டர் விடுமுறையில் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தார்கள்.

ஒல்லி மனிதரை எல்லோரும் சர்வேயர் என்பார்கள். இருபது வருடம் காப்பீட்டுக் கம்பெனியில் எரிந்த கிடங்குகளையும் கவிழ்ந்த லாரிகளையும் போய்ப் பார்த்து, சொல்வதில் எவ்வளவு பொய் என்று அளந்தவர். அந்த வேலையை விட்டபின் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். நான்கு வருடத்துக்கு முன் இந்தக் காப்பகத்தின் சமையலறையில் தீப்பிடித்தபோது கம்பெனி சார்பில் வந்து, “இது நிஜமான நெருப்பு” என்று எழுதிக் கொடுத்தவர் அவர்தான்.

பல்வலி என்று நடித்தபடி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவள் அவருடைய உதவியாளர். டாக்ஸி ஓட்டுகிறவள், நாற்பது வயது. வாயைத் திறந்தால் நாம் இறங்கும்வரை ஓடிக்கொண்டேயிருக்கும் என்பதால் மீட்டர் என்று பெயர் வந்தது. அவளுக்கே அந்தப் பெயர் பிடித்திருந்தது.

டாக்டரின் பழைய அறைதான் பெரியக்காவின் அலுவலகம். மூலையில் கை கழுவும் தொட்டி. மேஜைமேல் மூன்று கடிதங்களை வைத்தார். முதல் இரண்டும் நகல், மூன்றாவது அசல்.

“மூணும் மிரட்டல் கடிதம். கடைசி நேத்துதான் கதவுக்கடியில கிடந்தது. இன்னிக்கு மூணு மணிக்கு மானிய அதிகாரி ஆய்வுக்கு வர்றாங்க, தம்பி. அதுக்குள்ள இதை யார் எழுதினதுன்னு தெரியணும்.”

“என்ன மானியம்?”

“தொண்டு நிறுவனங்கள் தங்களைப் பாதுகாத்துக்க அரசாங்கம் குடுக்கறது. சுற்றுச்சுவர், இரும்புக் கதவு, ஜன்னல் கம்பி, கேமரா. பின்பக்கச் சுவர் மழையில விழுந்து எட்டு மாசமாச்சு. சுவர் இல்லாத இடத்துல பொண்ணுங்களைத் தங்க வைக்க உரிமம் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. மானியம் வந்தா சுவர். சுவர் வந்தா உரிமம். வரலன்னா, இருக்கிற பதினொரு பேரும் தெருவுல.”

சர்வேயர் கடிதங்களைப் படிக்கவில்லை. மூன்றையும் வரிசையாக வைத்துத் தள்ளி நின்று, படம் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு மானிய விண்ணப்பத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி ஐந்து நிமிடம் புரட்டினார்.

“பெரியக்கா, முதல் ரெண்டையும் ஒரே நாள்ல எழுதினீங்களா, தனித்தனியாவா?”

பெரியக்கா விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “நான்… எதை…”

“மை காய நேரம் விட்டீங்களான்னு கேட்கறார்” என்றாள் மீட்டர்.

சர்வேயர் கண்ணாலேயே அவளை அடக்கினார். “மிரட்டறவன் காகிதம் கிடைச்சா மூலைக்கு மூலை எழுதுவான். இவன் இடது பக்கம் ரெண்டு விரல் அகலத்துக்கு இடம் விட்டிருக்கான். எதுக்கு? ஃபைல்ல கோக்கறப்ப ஓட்டை எழுத்து மேல விழக்கூடாதுன்னு. இவ்வளவு அக்கறையான ரவுடியை நான் பார்த்ததில்ல.”

“ஆளைப் பிடிச்சா நம்ம ஆபீஸ்ல வேலைக்கு வெச்சுக்கலாம் சார்.”

“விண்ணப்பத்துல ஆறாவது கேள்வி, ஆபத்து எந்தத் திசையிலிருந்து? கடிதத்துல முதல் வரி, ‘கிழக்குச் சுவர் வழியாக வருவேன்.’ ஏழாவது, எந்த நேரத்தில்? அடுத்த வரி, ‘பத்து மணிக்கு மேல் வருவேன்.’ எட்டாவது, எத்தனை பேருக்குப் பாதிப்பு? ‘பதினொரு பேரும் அனுபவிப்பீர்கள்.’ எந்த அடியாள் கிழக்குன்னு எழுதுவான், பெரியக்கா? பின்பக்கம்னுதான் எழுதுவான்.”

பெரியக்கா நாற்காலியில் உட்கார்ந்தார்.

“போன வருஷமும் விண்ணப்பிச்சேன். திருப்பி அனுப்பிட்டாங்க. ‘அச்சுறுத்தலுக்கு ஆதாரம் இணைக்கவும்’னு ஒரே ஒரு வரி. தம்பி, இந்த வீட்டுக்கு வந்த ஒவ்வொரு பொண்ணும் உடம்பெல்லாம் ஆதாரத்தோடதான் வந்தா. அதை ஃபைல்ல கோக்க முடியுமா? அடிக்கிறவன் எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா அடிக்கிறான்? நானே எழுதினேன். ரெண்டையும் போலீஸ்ல குடுத்து ரசீது வாங்கி இணைச்சேன்.” மூன்றாவது கடிதத்தை முன்னால் தள்ளினார். “ஆனா மூணாவது நான் எழுதல. என் தலைமேல அடிச்சுச் சத்தியம் பண்றேன். மூணாவது நான் எழுதல.”

“தெரியுது. அதுல ஓரம் விடல.”

மூன்றாவது கடிதம் ஒரு பழுப்புக் காகிதத்தின் பின்பக்கத்தில் இருந்தது. விளிம்புவரை முட்டிக்கொண்டு நின்றது எழுத்து:

*குழந்தை ஜன்னலோரம் படுக்குது. நல்லா காத்து வரும். கதவை நீங்களே திறந்து விடுவீங்க.*

மீட்டர் அதைப் படித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

“இதைப் போலீஸ்ல குடுத்தா பழைய ரெண்டையும் எடுத்து வெச்சுப் பார்ப்பாங்க” என்றார் பெரியக்கா. “நீங்க அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சதை அவங்க அரை மணியில கண்டுபிடிப்பாங்க. பொய்ப் புகார்னு மூணையும் தூக்கிப் போட்டுடுவாங்க. நிஜமா ஒருத்தன் வர்றான், எனக்குக் கத்த வாய் இல்ல. நானே அடைச்சுக்கிட்டேன்.”

“எந்தக் குழந்தை?”

“பட்டாணின்னு கூப்பிடுவோம். ஆறு வயசு. அம்மா நர்ஸ். மூணு மாசம் முன்னாடி வந்தாங்க. அந்த நர்ஸுக்கு இடது கையில மூணு விரல் இன்னும் மடங்காது, புருஷன் கதவிடுக்குல வெச்சு நசுக்கினது. பின்பக்க அறையில கூரை ஒழுகுதுன்னு செவ்வாய்க்கிழமைதான் குழந்தையோட கட்டிலை ஜன்னல்பக்கம் நகர்த்தினோம்.”

“வெளியிலிருந்து பார்த்தா தெரியுமா?”

“கண்ணாடி முழுக்கக் காகிதம் ஒட்டியிருக்கு. தெரியாது.”

“அப்ப செவ்வாய்க்கும் நேத்துக்கும் நடுவுல உள்ளே வந்தவன். யார் யார் வந்தாங்க?”

“யாரும் வரல. கொட்டேஷன் குடுக்கறவங்க மட்டும்தான். மூணு கொட்டேஷன் வாங்கணும்னு மானிய விதி. புதன்கிழமை மூணு பேர் வந்து அளவெடுத்தாங்க. நான் அன்னிக்கு ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சுக்கிட்டிருந்தேன்.”

வாசலம்மா வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்தார். புதன்கிழமைக்கு நேராக நான்கு கையெழுத்துகள் இருந்தன.

“நாலு பேர் வந்தாங்கக்கா” என்றார் வாசலம்மா. “நாலாவது ஆளு தொப்பி போட்டிருந்தான். டேப்பும் கையுமா வந்தான், நானும் விட்டேன். இந்தச் சீட்டைக் கீழ போட்டுட்டுப் போயிட்டான். பாவம், தேடி வருவானேன்னு எடுத்து வெச்சேன்.”

சீட்டில் பின்பக்க ஜன்னல்கள் நான்குக்கும் ஒவ்வொரு அளவு எழுதியிருந்தது. ஒரு ஜன்னலுக்கு ஒரே ஒரு எண்தான்.

சர்வேயர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “கொட்டேஷன் குடுத்த மூணு பேர்ல யார் கடை பக்கத்துல இருக்கு?”

*

வெல்டிங் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. முகமூடியைத் தூக்கிவிட்டு வெளியே வந்த வெல்டர் பெரியக்காவைப் பார்த்ததும், “கொட்டேஷன் பாஸாயிடுச்சாக்கா?” என்றார் ஆவலாக.

“ஒரு அளவு பார்க்கணும்ணே” என்று சீட்டை நீட்டினார் சர்வேயர். “இதை வெச்சு ஜன்னல் கம்பி செய்ய முடியுமா?”

வெல்டர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எவன் எடுத்த அளவு இது? அகலமே இல்லையே! அகலம் இல்லாம இரும்பை எப்படி வெட்டறது, குத்துமதிப்பாவா?”

“உயரம் இருக்கே.”

“இது ஜன்னலோட உயரமும் இல்ல சார். நாலே கால் அடியில ஜன்னல் அங்க ஏது? நானும்தானே அளந்தேன்.” தன் நோட்டைப் புரட்டினார். கருகிய விரல் ஓரிடத்தில் நின்றது. “தரையிலிருந்து ஜன்னல் அடிக்கட்டை வரைக்கும் நாலே கால். அதைத்தான் எழுதியிருக்கான். கம்பி போடறவனுக்கு இது எதுக்கு? ஏறிக் குதிக்கிறவனுக்குத்தான் வேணும்.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே புரிந்தது. முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

பெரியக்கா சீட்டை வாங்கித் தானும் பார்த்தார். ஒன்பது வருடம். எத்தனை கணவன்மார், எத்தனை மாமனார்கள், எத்தனை அடியாட்கள் ஊரெல்லாம் தேடினார்கள். ஒருவனும் அந்தப் பலகையைத் தாண்டி வரவில்லை. இவன் எப்படி வந்தான்?

அதே கேள்வியைச் சர்வேயர் வெல்டரிடம் வேறு மாதிரி கேட்டார். “உங்களுக்கு இந்த வேலை இருக்குன்னு யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. மானிய ஆபீஸ் நோட்டீஸ் போர்டுல இருந்துச்சு. போட்டோகூட எடுத்தேன்.” கைப்பேசியைத் தேய்த்து நீட்டினார்.

பெரியக்கா பார்த்தார். ‘பெண்கள் தங்கும் தொண்டு நிறுவனத்துக்குப் பாதுகாப்புப் பணிகள். விலைப்புள்ளிகள் வரவேற்கப்படுகின்றன.’ அதன் கீழே தெரு, கதவு எண், அடையாளத்துக்குப் பல் மருத்துவமனைப் பலகை. அதற்கும் கீழே, அவருடைய கையெழுத்து.

முழு முகவரி இல்லாவிட்டால் அறிவிப்பு செல்லாது என்று விதி சொன்னது. பதினைந்து நாள் பொதுமக்கள் பார்வையில் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. அவர் படிவத்தை நிரப்பும் அவசரத்தில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டே போனார். அதில் இதுவும் ஒரு கட்டம்.

“நான்தான்” என்றார். “நானே எழுதிக் குடுத்துட்டேன். வாங்கடா, இங்கதான் இருக்காங்கன்னு நானே…”

“அக்கா, அப்புறம் அழலாம்” என்றாள் மீட்டர் மெதுவாக. அவள் குரலில் கேலி இல்லை. “இப்ப நிக்காதீங்க.”

சர்வேயர் நோட்டீஸின் கடைசி வரிகளைப் பெரிதாக்கிப் படித்துக்கொண்டிருந்தார். “‘ஆய்வு: வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி. அன்று எல்லா அறைகளும் திறந்திருக்க வேண்டும். தங்கியிருப்போர் அனைவரும் நேரில் இருக்க வேண்டும்.’ ” நிமிர்ந்தார். “‘கதவை நீங்களே திறந்து விடுவீங்க.’ பெரியக்கா, புதன்கிழமை அளவெடுத்தப்ப ஜன்னல் வழியாதான் நினைச்சிருக்கான். அப்புறம் நோட்டீஸை முழுசாப் படிச்சிருக்கான். ஜன்னல் எதுக்கு, வாசலே போதும்னு முடிவு பண்ணிட்டான்.”

“அப்ப எதுக்கு முன்கூட்டியே கடிதம் போட்டான்?” என்றாள் மீட்டர்.

“பயந்து நர்ஸ் தானே வெளியே ஓடினா, தெருவுலயே பிடிச்சுடலாம். அவ ஓடல.”

அப்போது பெரியக்காவின் கைப்பேசி ஒலித்தது. வாசலம்மா.

“அக்கா, எங்க இருக்கீங்க? ஆபீஸ்லருந்து போன் வந்துச்சு, அதிகாரி மூணு மணிக்கு இல்ல, ரெண்டரைக்கே வர்றாராம்னு. வெச்சுட்டுத் திரும்பறேன், ஆளே வந்து நிக்கறார். கழுத்துல அட்டை, கையில ஃபைலு. எல்லாரையும் முன்வாசல்ல நிறுத்தச் சொல்றார். கேட்டைத் திறந்தே வெக்கணுமாம்.”

பெரியக்கா அப்படியே திருப்பிச் சொன்னார்.

“அரசாங்க ஆளு சொன்ன நேரத்துக்கு முன்னாடி வந்திருக்கானா?” மீட்டர் டாக்ஸிக் கதவைத் திறந்தாள். “சார், கேஸ் முடிஞ்சுது. இவன் போலி.”

“அது போதாது” என்றார் சர்வேயர். “ஏறு.”

*

வண்டி சந்துகளில் புகுந்து புகுந்து ஓடியது. பெரியக்கா மானிய அலுவலகத்துக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சாப்பாட்டுக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை போலிருந்தது. மறுபடி போட்டார். யாரும் எடுக்கவில்லை.

பிறகு நர்ஸைக் கூப்பிட்டார். “நீயும் குழந்தையும் வெளிய வராதீங்க. கேட்டா, குளிக்கிறேன்னு சொல்லு. குளியலறைக் காத்துத்துளை வழியா முன்வாசல் தெரியும்ல? அங்க நிக்கிற ஆளு உன் புருஷனா பாரு.”

தண்ணீர் சொட்டும் சத்தம். பிறகு மூச்சுக் குரலில் பதில் வந்தது: “அவர் இல்லக்கா. இந்த ஆளை நான் பார்த்ததே இல்ல.”

பெரியக்காவுக்கு நிம்மதி வர வேண்டும். வரவில்லை. அவன் நிஜமான அதிகாரியாக இருந்தால், வாசலில் காக்க வைத்ததே குற்றம். சந்தேகப்பட்டுக் கையைப் பிடித்தால் மானியம் அந்த நிமிடமே போச்சு. போலியாக இருந்து, நம்பி விட்டால், ஒரு குழந்தை போச்சு. இரண்டில் எது என்று சொல்ல ஒருவருமில்லை.

“தம்பி, நீங்க சொல்லுங்க. அவன் யாரு?”

சர்வேயர் உண்மையைச் சொன்னார். “தெரியலக்கா. காப்பீட்டு வேலையில நான் பொய்யான காகிதத்தைப் பார்த்திருக்கேன். பொய்யான ஆளை அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிக்க எனக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். ஒன்பது வருஷமா அதிகாரிங்க முன்னாடி நின்னவங்க நீங்க. எதைச் சொன்னா ஒரு நிஜமான அதிகாரிக்குக் கோபம் வரும்? அதை யோசிங்க.”

காப்பகத் தெருமுனையில் ஒரு சாம்பல் நிற வேன் என்ஜின் ஓட நின்றிருந்தது. ஓட்டுபவன் தொப்பி போட்டிருந்தான். பின் கண்ணாடி முழுக்கத் துணி கட்டியிருந்தது.

மீட்டர் பெரியக்காவையும் சர்வேயரையும் இறக்கிவிட்டாள். வண்டியை வேனுக்கு முன்னால் குறுக்காகக் கொண்டுபோய் நிறுத்தி, தன் டாக்ஸியின் சாவியைப் பிடுங்கி இடுப்பில் சொருகிக்கொண்டாள். “ஐயோ, நின்னு போச்சே! அண்ணே, கொஞ்சம் தள்ளறீங்களா? தள்ளத் தெரியாதா? பரவாயில்ல, நிதானமா கத்துக்கலாம். எனக்கு அவசரமே இல்ல.”

*

முன்வாசலில் ஒன்பது பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். ஆறு பெண்கள், மூன்று குழந்தைகள். அவர்களுக்கு முன்னால் நின்ற ஆள் தேய்த்த சட்டை போட்டிருந்தான். கழுத்தில் அட்டை, கையில் படிவம். விதி எண் சொல்லிப் பேசினான். மரியாதையாகவும் பேசினான்.

“நீங்கதான் பொறுப்பாளரா? பதிவுல பதினொரு பேர் இருக்கு. இங்க ஒன்பது பேர். மீதி ரெண்டு பேர் எங்கம்மா?”

“குளிக்கறாங்க சார். இதோ வந்துடுவாங்க. அதுக்குள்ள பின்பக்கச் சுவரைப் பார்த்துடறீங்களா?”

“சுவர் எங்கயும் ஓடிடாது. முதல்ல ஆளுங்களை எண்ணிடலாம்.”

பெரியக்கா சர்வேயரைத் திரும்பிப் பார்த்தார். அவர் அந்த ஆளின் கழுத்து அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருமுனையில் மீட்டரின் குரல் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

எதைச் சொன்னால் ஒரு அதிகாரிக்குக் கோபம் வரும்? பெரியக்காவுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் தயங்கினார். எதிரில் நிற்பவன் நிஜமானவன் என்றால் அடுத்த வார்த்தையோடு சுவர் இல்லை, உரிமம் இல்லை, இந்தக் காப்பகமே இல்லை. ஒருவேளை சிறைகூட உண்டு. வரிசையில் நின்ற கடைக்குட்டிக் குழந்தை ஒரு காலைத் தூக்கி மறுகாலில் சொறிந்துகொண்டு அவரையே பார்த்தது.

“சார், ஒண்ணு சொல்லணும். விண்ணப்பத்தோட இணைச்ச ரெண்டு மிரட்டல் கடிதமும் பொய். நான்தான் எழுதினேன்.”

அந்த ஆள் ஒரு கணம் விழித்தான். அப்புறம் சிரித்தான். தாராளமான சிரிப்பு.

“அதெல்லாம் பெரிய விஷயமே இல்லம்மா. பார்த்துக்கலாம். நீங்க அந்த ரெண்டு பேரை வரச் சொல்லுங்க, போதும்.”

கையெழுத்து கட்டத்துக்கு வெளியே அரை அங்குலம் போனதற்கு இவர்கள் படிவத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பேனா நிறம் மாறியதற்கு விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறார்கள். பொய் ஆதாரம், பொய்ப் புகார், பெரிய விஷயமே இல்லையாம்.

உலகத்தில் அப்படிச் சொல்லும் அதிகாரி பிறக்கவில்லை.

“ரொம்ப நல்ல மனசு சார் உங்களுக்கு” என்றார். “அந்தப் பொண்ணு பயந்த சுபாவம். புது ஆள்னா வெளிய வராது. நீங்களே உள்ள வந்து எண்ணிக்கறீங்களா? குழந்தையும் அங்கதான் இருக்கு.”

குழந்தை என்றதும் அவன் நடை வேகமானது. நடைபாதையின் கடைசியில் இருந்த அறையைப் பெரியக்கா கையால் காட்டி ஒதுங்கி நின்றார். அவன் உள்ளே நுழைந்தான். அது பழைய எக்ஸ்ரே அறை. ஜன்னல் கிடையாது. கதவுக்குள் ஈயத்தகடு. அந்தக் கட்டடத்திலேயே ஒழுங்காகப் பூட்டுகிற கதவு அது ஒன்றுதான். அதைப் பற்றி விண்ணப்பத்தில் அவர் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார். உள்ளேயிருந்து இடிக்கும் சத்தம் தூரத்தில் கேட்பதுபோலக் கேட்டது.

“தம்பி, போலீஸைக் கூப்பிடுங்க.”

“வந்தா எல்லாமே வெளிய வரும்க்கா.”

“வரட்டும்” என்றார் பெரியக்கா. கதவில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

*

போலீஸ் வந்தபோது வேனிலிருந்து இரண்டு பேரை இறக்கினார்கள். தொப்பிக்காரனை வாசலம்மா பார்த்த உடனே கைகாட்டினார். பின்சீட்டில் துணி மறைவில் இருந்தவன் நர்ஸின் கணவன். எக்ஸ்ரே அறையில் இருந்தவனும் தொப்பிக்காரனும் அவன் கூலிக்குப் பிடித்த ஆட்கள். அவனுடைய பையில் நான்கு மணிப் பேருந்துக்கு இரண்டு டிக்கெட் இருந்தது, பெரியவருக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று. டிக்கெட்டுக்கு அடியில் துண்டில் சுற்றிய ஒரு கத்தி.

மூன்றாவது டிக்கெட் இல்லை. கத்தி யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை.

மூன்று மணி பத்து நிமிடத்துக்கு ஒரு கனத்த துணிப்பையைத் தூக்கிக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து ஒரு அம்மாள் கேட்டுக்குள் நுழைந்தார். “பஸ் கிடைக்கல. மன்னிச்சுக்கங்க. முதல்ல சுவரைக் காட்டுங்க” என்றவர், போலீஸ் வண்டியைப் பார்த்ததும் நின்றார்.

நிஜமான அதிகாரி.

பெரியக்கா அவரை அலுவலக அறைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தார். அரை மணிக்குள் இரண்டாவது முறையாக அதே வாக்கியத்தைச் சொன்னார். முதல் முறை அது ஒரு பொறி. இந்த முறை அப்படியில்லை.

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கோபம் வந்தது. வர வேண்டிய மாதிரியே வந்தது.

“போலீஸ் ரசீதோட இணைச்சிருக்கீங்க! தெரிஞ்சே பொய் ஆதாரம்! எழுதிக் குடுக்கறீங்களா?”

“குடுக்கறேன்.”

அதிகாரி விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தார். ‘ரத்து’ என்று எழுதித் தேதி போட்டார்.

“அம்மா!” என்றாள் மீட்டர். “எக்ஸ்ரே ரூம்ல ஆளையே பிடிச்சு வெச்சிருக்கோம். அச்சுறுத்தலுக்கு ஆதாரம் கேட்டீங்களே, இடிக்கற சத்தம் கேட்குதா? அதை வேணா இணைச்சுக்கங்க!”

“அது புது சம்பவம். புது விண்ணப்பம் போடணும். அடுத்த வருஷம்.”

“அடுத்த வருஷம் வரைக்கும் இவங்க எங்க இருப்பாங்க?”

அதிகாரி விண்ணப்பத்தை ஃபைலில் வைத்து மூடினார். சர்வேயர் வெல்டரிடமிருந்து தன் கைப்பேசிக்கு வாங்கி வைத்திருந்த நோட்டீஸ் படத்தை அவர் முன்னால் வைத்தார்.

அதிகாரி படித்தார். கதவு எண்வரை படித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். வெளியே போலீஸ்காரர்கள் எக்ஸ்ரே அறையைத் திறக்கும் சத்தம் கேட்டது.

“இவங்க தபால் பெட்டி எண்தான் போட்டிருந்தாங்க” என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல். “முதல் படிவத்துல. விதிப்படி முழு முகவரி வேணும்னு திருப்பி அனுப்பினது நான். போர்டுல ஒட்டினதும் நான்தான்.”

பையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பெரியக்காவிடம் நீட்டினார். இன்னொன்றை எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டார்.

“நீங்க ரெண்டு பேரும் என்ன எழுதறீங்க?” என்றாள் மீட்டர்.

“அவங்க, அவங்க செஞ்சதை எழுதட்டும்” என்றார் அதிகாரி. பேனாவைத் திறந்தார். “நான் எங்க ஆபீஸ் செஞ்சதை எழுதறேன். இதனால இவங்களுக்கு மானியம் வராது. அதை நினைச்சு எழுதல.”

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து எழுதினார்கள்.

எழுதி முடித்துப் பெரியக்கா வெளியே வந்தபோது பெண்கள் ஏற்கெனவே மூட்டை கட்ட ஆரம்பித்திருந்தார்கள். ஊருக்கே தெரிந்துபோன முகவரியில் இன்று தங்க முடியாது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இப்படி ஒரு பையோடு கிளம்புவது அவர்களுக்குப் பழக்கம்தான். சர்வேயர் தன் அலுவலக மாடி காலியாக இருக்கிறது, ஒரு வாரத்துக்குத் தாங்கும் என்றார். அதற்கப்புறம் என்ன என்று பெரியக்கா கேட்கவில்லை.

முதல் நடையில் நர்ஸும் பட்டாணியும் ஏறினார்கள். நர்ஸ் மடங்காத கையால் பெரியக்காவின் புடவையைப் பிடித்தாள்.

“எங்களாலதானே அக்கா இவ்வளவும்? நாங்க வராம இருந்திருந்தா…”

“அவன் கத்தி கொண்டு வந்ததுக்கு நீ என்ன பண்ணுவே?” என்றார் பெரியக்கா. “காலை உள்ள வை. கதவைச் சாத்தணும்.”

கதவைச் சாத்தினார். டாக்ஸி தெருமுனை திரும்பி மறையும்வரை நின்றார். பிறகு உள்ளே திரும்பி, மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு குரலை உயர்த்தினார்.

“அடுத்த நடைக்கு யார் யார்? குழந்தை வெச்சிருக்கறவங்க முன்னாடி வாங்க.”